எங்கட மலைக்கு எத்தனை பெயர்?

கொஞ்சம் நீளமான பதிவு. பிளேன்டீ ஒன்றை ஊற்றிக்கொண்டு வந்து வாசியுங்கள்.

மழை கனத்தால் எங்கள் வகுப்புப் பெற்றோரின் வட்ஸ்அப் குழுவில் ஒரே கேள்விதான் வரும். "சேர், இதுல எங்கட ஏரியா இருக்கா?" சிங்களத்தில் வந்த மண்சரிவு எச்சரிக்கையை யாரோ அவசரமாகத் தமிழாக்கிப் பகிர்ந்திருப்பார்கள். அதில் பிரதேச செயலகப் பிரிவின் பெயர் இருக்கும். கேட்பவரின் வீடும் அந்தப் பிரிவுக்குள்தான் இருக்கும். ஆனால் அவருக்குத் தன் இடம் அந்தப் பெயரில் பழக்கமில்லை. தபாலில் எழுதுவது ஒரு பெயர், பஸ் கொண்டக்டரிடம் சொல்வது இன்னொரு பெயர், வீட்டுக்குள்ளே புழங்குவது மூன்றாவது பெயர். எச்சரிக்கையில் இருப்பது நான்காவதாக இருந்தால் பாவம், மனிதர் என்ன செய்வார்?

நான் புவியியல் படிப்பிக்கிறவன். பரீட்சைக்காகப் பிள்ளைகளுக்கு இடவிளக்கப்படம் வாசிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். சமவுயரக் கோடு நெருங்கினால் செங்குத்து, விலகினால் மென்சாய்வு, கோடு உள்ளே வளைந்தால் பள்ளத்தாக்கு. பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். கடந்த முறை மழைக்குப் பிறகு, பரீட்சைத் தாளை ஒரு பக்கம் வைத்துவிட்டு எங்கள் பகுதியின் 1:50,000 தாளை மேசையில் விரித்தேன். "உங்கட வீட்டைக் காட்டுங்க" என்றேன். அவ்வளவுதான் கேள்வி.

முதல் பத்து நிமிடம் ஒருவருக்கும் பிடிபடவில்லை. கைப்பேசியில் கூகுள் மெப்பைத் தட்டி கடற்கரை ஹோட்டலைக் கண்டுபிடிக்கிற பிள்ளைகள், தாங்கள் தினமும் ஏறி இறங்குகிற மலையைத் தாளில் தேடித் திணறினார்கள். கடைசியில் மூன்று பேர் ஒரே முகட்டின் மேல் விரல் வைத்தார்கள். ஒரு மகள் அதற்குச் சொன்ன பெயர் பள்ளிவாசலை வைத்து வந்தது. தோட்டத்திலிருந்து வருகிற மாணவன், "இது எங்க ஏழாம் நம்பர் மலை சார்" என்றான். சந்திக்கடைப் பக்கத்துப் பையன் சிங்களப் பெயர் ஒன்றைச் சொன்னான். தாளில் அச்சாகியிருந்தது இந்த மூன்றும் இல்லை.

"ஏழாம் நம்பர் மலை" என்பதைக் கேட்டு ஊர்ப் பிள்ளைகள் சிரித்தார்கள். சிரிக்க ஒன்றுமில்லை. தோட்டத்துத் தமிழில் மலை என்றால் கொழுந்து எடுக்கிற நிலத்துண்டு. "இன்னிக்கி எந்த மலை?" என்று கேட்டால் இன்று எந்தத் தேயிலை நிலத்தில் வேலை என்று பொருள். தோட்டத்தின் மேற்பிரிவு மேல்கணக்கு, கீழ்ப்பிரிவு கீழ்க்கணக்கு. அது முழுமையான ஒரு இடப்பெயர் முறை. ஒன்றரை நூற்றாண்டாக ஒவ்வொரு சரிவையும் காலால் அளந்தவர்கள் வைத்த பெயர்கள். எந்த மலையில் அட்டை அதிகம், எதில் வழுக்கும், எந்தக் கானில் மழை நாளில் தண்ணீர் பொங்கும் என்பதெல்லாம் அந்த நம்பருக்குள் இருக்கிறது. தேசப்படத்தில் அது கிடையாது.

அந்த வாரம் முழுக்க நாங்கள் பெயர்களோடுதான் இருந்தோம். பாடத்திட்டம் கொஞ்சம் பின்தங்கியது, பரவாயில்லை.

எங்கள் ஊர்களின் பெயர்களை நாங்கள் தமிழாக உச்சரித்து உச்சரித்து, அவற்றுக்குள் இருக்கும் சிங்களச் சொல் காதில் விழாமல் போய்விட்டது. பண்டாரவளையில் உள்ள வளை எதையும் வளைக்கவில்லை. அது 'வெல', வயல். வெலிமடையின் மடை நாம் நினைக்கிற நீர்மடை இல்லை. 'வெலி' மணல், 'மட' சேறு. குருத்தலாவையிலும் தியத்தலாவையிலும் இருக்கிற 'தலாவ' புல்வெளிச் சமநிலம், 'திய' தண்ணீர். தலவாக்கலையின் கலை 'கெலே', அதாவது காடு. அங்கே இப்போது காடு எங்கே இருக்கிறது? கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை. அக்கரப்பத்தனை என்றதும் ஒரு பிள்ளை "அந்தக் கரையில இருக்கிற பத்தனையா சேர்?" என்று கேட்டாள். பத்தன என்பது மலைப் புல்நிலம். ஊவாவில் மரம் வளராத அந்தப் புல் மேடுகளைப் பார்த்தவர்களுக்கு அந்தச் சொல்லே போதும். நுவரெலியாவில் எலி எத்தனை என்ற பகிடியை நான் படிப்பிக்கிற ஒவ்வொரு வருடமும் யாராவது ஒருவர் புதிதாகக் கண்டுபிடிக்கிறார். 'எலிய' வெளிச்சம் விழுகிற திறந்தவெளி. ஹோட்டன் சமவெளிக்குச் சிங்களத்தில் மகா எலிய என்று பெயர் உண்டு, பெரிய வெளி. ஹோட்டன் யார் என்றால் 1831 முதல் 1837 வரை இங்கே ஆளுநராக இருந்த வில்மட் ஹோட்டன். நிலத்தைச் சொன்ன பெயருக்கு மேலே ஆளைச் சொல்லும் பெயர் ஏறிக்கொண்டது.

அந்தச் சமவெளியின் ஓரத்தில், 800 மீற்றருக்கும் மேலாக நிலம் அறுந்து விழுகிற இடத்தை 'உலக முடிவு' என்று தமிழில் எழுதுகிறோம். குர்ஆன் மத்ரசாவில் கியாமத்தைப் பற்றிப் படித்துவிட்டு வருகிற பிள்ளைகளிடம் "உலக முடிவுக்குச் சுற்றுலா போகிறோம்" என்று சொன்னால் அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

நாட்டின் மிக உயர்ந்த சிகரத்துக்கு 2,524 மீற்றர். பாடப்புத்தகத்தில் பீதுருதாலகாலை. சிங்களத்தில் பிதுருதலாகல. 'பிதுரு' வைக்கோல், 'கல' பாறை. ஆங்கிலேயருக்கு அது வாயில் நுழையாமல் பெட்ரோ ஆகியது. இப்போது பெட்ரோ என்ற பெயரில் தேயிலையும் வருகிறது. வெள்ளைக்காரத் துரை ஒருவரின் பெயர் அது என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

இந்தப் பெயர்களெல்லாம் தாளில் எப்படி ஏறின என்பதையும் பிள்ளைகளுக்குச் சொன்னேன். நில அளவைத் திணைக்களம் தொடங்கியது 1800 ஓகஸ்ட் 2. அப்போது ஆங்கிலேயரின் கையில் கரையோரம் மட்டும்தான். மலைநாடு கண்டி அரசனுடையது. 1815 வரை அளவைக்காரர் யாரும் சங்கிலியோடு இங்கே ஏறிவர முடியாது. அதற்கு முன்னர் மலைநாட்டை உள்ளிருந்து பார்த்துப் படம் போட்டவர் என்றால் ரொபர்ட் நொக்ஸ். கைதியாகப் பிடிபட்டு 1660 முதல் 1679 வரை கண்டி இராச்சியத்தில் இருந்தவர். தப்பிப் போன பின் 1681 இல் வந்த அவருடைய நூலில் அந்தப் படம் இருக்கிறது. 'கந்த உட ரட' என்றால் மலைமேல் நாடு. அந்நியர் வாயில் அதில் 'கந்த' மட்டும் தங்கிக் கண்டி ஆனது. மலை என்ற வெறும் சொல்லே ஒரு நகரத்தின் பெயராகிவிட்டது. அந்த ஊர்ச் சிங்களவர் இன்றைக்கும் மகநுவர என்றுதான் சொல்வார்கள். நமக்கும் வெள்ளைக்காரனுக்கும்தான் அது கண்டி.

பின்னால் கோப்பி வந்தது, தேயிலை வந்தது. ஜேம்ஸ் டெய்லர் 1867 இல் 19 ஏக்கரில் தேயிலை நட்ட லூல்கந்துரவின் பெயர் சிங்களப் பெயர்தான். 'கந்துர' மலையிலிருந்து இறங்கும் ஓடை. ஆனால் பல துரைமார் தங்கள் ஊரையே கப்பலில் கொண்டுவந்து இறக்கினார்கள். ஹற்றன் ஸ்கொட்லாந்தில் உள்ள ஒரு கிராமத்தின் பெயர். அக்கரப்பத்தனைப் பக்கம் போனால் கிளாஸ்கோ, பல்மோரல், வேவர்லி. பூண்டுலோயாவில் டன்சினன். அது ஷேக்ஸ்பியரின் மெக்பத் நாடகத்தில் வருகிற குன்று. நாடகத்தைப் படிக்காத பாட்டிமார் டன்சினன் மலையில் கொழுந்து எடுத்து ஓய்வுபெற்றுவிட்டார்கள். துரைக்கு ஊர் ஞாபகம், தொழிலாளிக்கு நம்பர் மலை, கிராமத்தானுக்கு ஓடையின் பெயர். ஒரே சரிவு.

இதில் எது அசல் பெயர் என்ற சண்டை எனக்கு வேண்டாம். நம் நாட்டில் அந்தச் சண்டைக்குக் குறைவில்லை, அதனால் யாருக்கும் நன்மை வந்ததாகவும் தெரியவில்லை. பாவா ஆதம் மலையைப் பாருங்கள். நமக்குப் பாவாதமலை, தமிழருக்குச் சிவனொளிபாதமலை, பௌத்தருக்கு ஸ்ரீ பாத, சாமானியச் சிங்களத்தில் சமனல கந்த. பழைய அரபுப் புவியியலாளர்கள் ரஹூன் என்று எழுதினார்கள். 1344 இல் ஏறிய இப்னு பதூதா, மலைக்குப் போகும் இரண்டு பாதைகளுக்கும் பாபா வழி, மாமா வழி என்று பெயர் இருந்ததாக எழுதுகிறார். ஒன்று ஆதம் நபியின் பெயரில், மற்றது அன்னை ஹவ்வாவின் பெயரில். 2,243 மீற்றர் மலை அத்தனை பெயரையும் தாங்கிக்கொண்டு நிற்கிறது. ஏறுகிறவர்கள் ஒருவருக்கொருவர் வழிவிட்டுத்தான் ஏறுகிறார்கள்.

என் கவலை வேறு. பெயர் ஒன்றுக்கு மேல் இருப்பது எனக்குப் பிரச்சினையாகப் படவில்லை. இருந்த பெயர் சத்தமில்லாமல் விழுந்துபோவதுதான் பயமாக இருக்கிறது. அதை நாங்களே செய்துகொண்டிருக்கிறோம்.

"வீட்டில் இருக்கிற மூத்தவர்களிடம் உங்கள் இடத்தின் பழைய பெயரைக் கேட்டு வாருங்கள்" என்று பிள்ளைகளுக்கு வீட்டுவேலை கொடுத்திருந்தேன். ஒரு மகள் தன் உம்மம்மாவிடம் கேட்டு வந்தாள். அவர்கள் இருக்கிற ஒழுங்கைக்கு இப்போது அழகான அரபுப் பெயர். பலகையும் புதிது, வீடுகளும் புதிது, மாடி வீடுகள். உம்மம்மா சொன்ன பெயர் 'ஊத்துப் பள்ளம்'. அவர் சின்னப் பிள்ளையாக இருந்தபோது அங்கே வீடே இல்லையாம். ஐப்பசி கார்த்திகையில் மலைக்குள்ளிருந்து தண்ணீர் பீறிட்டு வருமாம். மாடு கூட அங்கே நிற்காதாம். பிறகு மண்ணை வெட்டி, சமப்படுத்தி, பேர்ச் கணக்கில் துண்டு போட்டு விற்றார்கள். வாங்கியவர்களில் பாதிப் பேர் வெளியூர். அவர்களுக்கு ஊத்தைப் பற்றிச் சொல்ல ஆள் இல்லை. பலகையில் இருக்கிற பெயரும் சொல்லாது.

பலகை வைத்தவர்களை நான் குறை சொல்லவில்லை. நல்ல நிய்யத்தில் வைத்த பெயர். எனக்கும் அந்தப் பெயர் பிடிக்கும். ஆனால் அந்தப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் பழையதையும் எழுதியிருந்தால், காணி வாங்க வருகிறவர் ஒருவராவது "ஏன் ஊத்துப் பள்ளம்?" என்று கேட்டிருப்பார்.

பெயரை வைத்து மண்சரிவைக் கணிக்கலாம் என்று நான் சொல்ல வரவில்லை. அது விஞ்ஞானம் இல்லை. சரிவு எங்கே நடக்கும் என்பது பாறையின் தன்மை, மண்ணின் தடிப்பு, சாய்வு, வெட்டிய விதம், தண்ணீர் போகிற வழி எல்லாம் சேர்ந்த விஷயம். அதற்கென்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் அபாய வலயப் படங்கள் தயாரித்திருக்கிறது. ஆனால் மலைக்குள் தண்ணீர் எங்கே ஒதுங்கும் என்று அறுபது எழுபது வருடம் கண்ணால் பார்த்தவர்களின் அறிவு ஒன்று இருக்கிறது. அது எந்தத் தாளிலும் இல்லை, இப்படிப்பட்ட பெயர்களில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. மூத்தவர்கள் மௌத்தாகும்போது அதுவும் அவர்களோடு அடங்கிவிடுகிறது.

கொஸ்லந்தை மீரியபெத்தவை யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் தப்பினார்கள், திரும்பி வந்து பார்த்தபோது லயம் இருந்த இடத்தில் சேறு. அந்த இடம் ஆபத்தானது என்று முன்னமே சொல்லப்பட்டிருந்தது. 'பெத்த' என்றால் அடர்ந்த காடு. காடாக இருந்த மலையில் காடு போய், லயம் வந்து, காட்டின் பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது. 2016 மே 17 இல் அரநாயக்கவில் சாமசர மலை சரிந்தது. அதற்குப் பிறகுதான் மாவனல்லை, ஹெம்மாத்தகமைப் பக்கத்து நம் ஆட்கள் பலர் அந்த மலையின் பெயரையே கேள்விப்பட்டார்கள். பக்கத்து மலை. 2025 நவம்பர் கடைசியில் டித்வா புயல் வந்தபோது நடந்ததை நான் எழுதத் தேவையில்லை. இதை வாசிக்கிற உங்களில் பலர் அந்த இரவுகளில் பள்ளிவாசலிலும் பாடசாலையிலும் படுத்தவர்கள்.

எச்சரிக்கையின் நிறங்களையாவது வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், விழிப்பாக இருக்க வேண்டும். 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், வெளியேறத் தயாராக வேண்டும். 150 ஐத் தாண்டினால் சிவப்பு, இடத்தை விட்டுப் போய்விட வேண்டும். ஒரே மணித்தியாலத்தில் 75 கொட்டினாலும் சிவப்புத்தான். எங்கள் பிள்ளைகள் வெட்டிய பிளாஸ்டிக் போத்தலில் அடிமட்டத்தை ஒட்டி மழை அளக்கிறார்கள். அது அச்சொட்டான அளவு இல்லை, ஆனாலும் இரவில் ஒரு வீட்டுக்காரருக்கு எழும்பவா படுக்கவா என்று முடிவெடுக்க உதவும். நிறத்தைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருக்கவும் வேண்டாம். சுவரில் புதிய வெடிப்பு, சாய்ந்த மரம் அல்லது கம்பம், திடீரென்று கலங்கி வருகிற கிணற்றுத் தண்ணீர், வராத இடத்தில் வருகிற ஊற்று, ஓடிக்கொண்டிருந்த ஊற்று திடீரென்று நிற்பது: இதில் ஒன்றைக் கண்டாலும் செய்தி வரும்வரை காத்திருக்கக் கூடாது.

வராத இடத்தில் வருகிற ஊற்று என்று எழுதும்போது எனக்கு அந்த ஒழுங்கைதான் ஞாபகம் வருகிறது. அங்கே ஊற்று வந்தால் அது வராத இடத்தில் வந்ததாக இராது. தன் பழைய இடத்துக்குத் திரும்பி வந்ததாகத்தான் இருக்கும்.

வகுப்பில் இப்போது ஒரு பெரிய படம் தொங்குகிறது. இடவிளக்கப்படத் தாளைப் பெரிதாக்கிக் கையால் வரைந்தது. ஒவ்வொரு முகட்டிலும் ஓடையிலும் நான்கு நிறத்தில் பெயர். அச்சில் உள்ளது கறுப்பு, சிங்களம் நீலம், தோட்டத்துப் பெயர் பச்சை, நம் வீட்டுப் பெயர் சிவப்பு. கிராம உத்தியோகத்தர் பிரிவின் எல்லையைப் புள்ளிக் கோட்டில் போட்டிருக்கிறோம், எச்சரிக்கை வந்தால் பார்த்துக்கொள்ள. பச்சையை நிரப்பியவர்கள் முழுக்கத் தோட்டத்துப் பிள்ளைகள். "ஏழாம் நம்பர்" என்று சிரித்தவர்கள் இப்போது "மேல்கணக்கு எங்கடா முடியுது?" என்று அவர்களிடம்தான் கேட்கிறார்கள். நீலத்துக்குப் பக்கத்துச் சிங்களப் பாடசாலை ஆசிரியர் ஒருவர் ஒரு பின்னேரம் முழுக்க வந்து உதவினார். ஹக்கலைக்கு ஏன் அந்தப் பெயர் என்று பிள்ளைகள் கேட்டபோது, 'ஹக்க' தாடை என்று தன் தாடையைப் பிடித்துக் காட்டினார். அன்றிலிருந்து அவர் பிள்ளைகளுக்கு 'ஹக்கல சேர்'.

சிவப்பில்தான் நிறைய இடம் வெறுமையாக இருக்கிறது. எங்கட ஆட்களின் பெயர்கள்தான் குறைவு. பள்ளிவாசலுக்குப் பின்பக்கச் சரிவு, பழைய மையவாடிக்கு மேலே உள்ள மேடு, சந்தைக்குப் போகிற குறுக்குப் பாதையில் இருக்கிற அந்தப் பெரிய பள்ளம், பாலத்துக்குக் கீழே பிரிகிற இரண்டு கான்கள். இவற்றை உங்கள் வாப்பாமாரும் மூத்தவாப்பாமாரும் என்னவென்று சொன்னார்கள்? பெயர் தெரிந்தவர்கள் கீழே கருத்தில் எழுதுங்கள். பெயர் ஏன் வந்தது என்று தெரிந்தால் அதையும் எழுதுங்கள், தெரியாவிட்டால் பெயர் மட்டும் போதும். வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இன்றிரவு வீட்டுக்குக் கோல் எடுக்கும்போது உம்மாவிடம் கேளுங்கள். எழுதத் தெரியாத பெரியவர்கள் இருந்தால் குரல்பதிவாக அனுப்புங்கள், பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள்.

அடுத்த கனமழைக் காலத்துக்குள் சிவப்பை நிரப்பிவிட வேண்டும் என்பது பிள்ளைகள் தாங்களே வைத்துக்கொண்ட கெடு.